அம்மாவின் பட்டன் போனை மாற்றலாமா?

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் காசு இருந்தாலும் எண்ணிப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். அரிசி வாங்குவது முதல் ஆடை எடுப்பது வரை இப்படி அளந்து செலவு செய்யும் நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பட்டன் போனை வைத்துவிட்டு ஸ்மார்ட்போன் வாங்கலாமா, வேண்டாமா என்பதே அக்கேள்வி.

இதற்கு விடை கூறும் முன்னர் வேறொன்றைக் கேட்டாக வேண்டும். யாருடைய போன்? அப்பாவின் போன் மாறி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அண்ணன் கல்லூரியில் சேர்ந்ததும் அவனுக்கு ஒன்று வந்தது. பாடங்களைப் படிக்க வேண்டும் என்ற காரணத்தால் நமக்கும் ஒன்று வந்தது, அல்லது வரப்போகிறது. எண்கள் தேய்ந்து, பின்மூடியை ரப்பர் வளையம் தாங்கிப் பிடிக்க, இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பட்டன் போன் பெரும்பாலான இல்லங்களில் யார் கையில் இருக்கிறது? தோழியரே, அது நம் அம்மாவின் கையில் இருக்கிறது. ஆகவே, அம்மாவின் போனை மாற்றலாமா என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் என் கருத்தைக் கூற விழைகிறேன்.

கைப்பேசி வளர்ந்த கதையைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1973 ஏப்ரல் 3 அன்று, நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி, மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் கையில் பிடித்துப் பேசும் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். அக்கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் அதிகம்! 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அச்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதாகும். நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசிக் கைப்பேசிச் சேவையைத் தொடங்கி வைத்தார். அந்நாளில் அழைத்தவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்த வேண்டும். எனவே அது செல்வந்தரின் கைப்பொருளாகவே இருந்தது.

ஏழை எளியவர் கைக்கும் அது வந்து சேர்ந்ததற்கு உறுதியான, விலை குறைந்த பட்டன் போன்களே பெரிதும் காரணம். 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. தூசி புகாத பட்டன்களும், மின்சாரம் போனால் கைகொடுக்கும் டார்ச் விளக்கும் அதில் இருந்தன. 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நோக்கியா கைப்பேசிகள் தயாராயின. நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பணிபுரிந்தார்கள். இன்றும் அவ்வட்டாரத் தொழிற்சாலைகளில் விலையுயர்ந்த ஐபோன்களைப் பூட்டித் தருபவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்களே. உலகுக்குக் கைப்பேசி செய்து கொடுப்பது நம் பெண்களின் கை. ஆனால் நம் வீட்டுப் பெண்ணின் கைக்குத்தான் புதிய கைப்பேசி கடைசியாக வந்து சேர்கிறது!

பட்டன் போனைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதன் நற்பண்புகள் பல. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நான்கைந்து நாள் தாங்கும். அடுப்பங்கரை மேடையிலிருந்து விழுந்தாலும், எடுத்துப் பின்மூடியை மாட்டினால் மீண்டும் பேசும். சுருக்குப் பையில் அடங்கும். ஈரக் கையோடும் பட்டனை அழுத்தலாம். பார்வை மங்கிய பாட்டிகூட விரலால் தடவிப் பார்த்தே எண்ணைக் கண்டுகொள்வார். நள்ளிரவு வரை கண்ணைப் பறித்து வைத்துக்கொள்ளும் படங்கள் அதில் இல்லை. ‘பேசுவதற்குத்தானே போன்? இது போதும்’ என்று அம்மா சொல்வதில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், போன் இன்று பேசுவதற்கு மட்டும்தானா? இங்கேதான் காலம் மாறியிருக்கிறது. 2007-இல் ஐபோனும் 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போனும் வெளிவந்தன. 2016-இல் நம் நாட்டில் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை தொடங்கியது. அதே ஆண்டில் இணையக் கட்டணமும் வெகுவாகக் குறைந்தது. அன்று முதல் கைப்பேசி ஒரு பணப்பையாகவும், வங்கியின் கவுன்டராகவும், மின்கட்டண அலுவலகமாகவும், ரயில் முன்பதிவு நிலையமாகவும் ஆகிவிட்டது. வரிசையில் நின்று செய்த வேலைகள் பல கைக்குள் வந்துவிட்டன. யாருடைய கைக்குள் என்பதுதான் கேள்வி.

பூ விற்கும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி, கட்டி, கூடையில் வைத்துத் தெருமுனையில் அமர்கிறார். இரண்டு முழம் வாங்கியவர், ‘ஜிபே இருக்கா அக்கா?’ என்று கேட்கிறார். கூடையின் ஓரத்தில் கியூஆர் அட்டை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் உள்ள பெயர் அவருடையதன்று, மகனுடையது. ‘பணம் வந்துவிட்டதா தம்பி?’ என்று மகனுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் பூவைக் கொடுக்க முடிகிறது. மகன் எடுக்காவிட்டால் வாங்குபவரின் சொல்லை நம்ப வேண்டியதுதான். நாள் முழுதும் அவர் உழைத்த காசு அவர் கண்ணில் படாமலே வேறொருவர் கணக்கில் சேர்கிறது. மகன் நல்லவனாக இருக்கலாம். ஆயினும் தாம் சம்பாதித்த பணத்தைத் தாமே எண்ணிப் பார்க்கும் உரிமை அப்பெண்மணிக்கு வேண்டாமா?

இது பூ விற்பவரின் நிலை மட்டுமன்று. தையல் வேலை செய்யும் அம்மாவுக்கும், இட்லிக் கடை நடத்தும் அத்தைக்கும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்பட்டது. பணம் பெண்ணின் பெயரில் வந்தது. ஆனால் அது வந்ததா, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய எத்தனை தாய்மார்கள் மகனையோ மகளையோ கேட்க வேண்டியிருந்தது! வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் வந்தாலோ, பழைய போன்கள் சிலவற்றில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள்தாம் தெரிகின்றன. தனக்கு வந்த கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்ட நம் கொள்ளுப்பாட்டியின் காலத்துக்கே அம்மா திரும்பிப் போய்விட்டது போலில்லையா?

2019–21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடையவர்கள் 54 விழுக்காட்டினர். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 57 விழுக்காடு. பெண்களில் 33 விழுக்காடு. வீட்டில் இணையம் இருப்பதும், வீட்டிலுள்ள பெண் அதைப் பயன்படுத்துவதும் வேறு வேறு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நாம் கண்கூடாகக் கண்டோம். வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். அவர் வேலைக்குப் போனால் பாடமும் உடன் போய்விடும். இரவு அவர் வந்த பிறகுதான் ஆசிரியை அனுப்பிய வீட்டுப்பாடத்தைப் பார்க்க முடிந்த இல்லங்கள் எத்தனையோ! பகல் முழுதும் பிள்ளைகளோடு வீட்டில் இருந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். குழந்தையின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதற்கு வேண்டிய கருவியை மற்றவரிடம் கொடுத்திருந்தோம்.

இவ்வளவும் கூறினால், ‘அப்படியானால் நாளையே கடைக்குப் போய்விடலாமா?’ என்று சிலர் வினவலாம். பொறுங்கள். மறுபக்கத்தையும் ஆராய்வதே முறை.

முதலாவது தடை பணம். பட்டன் போன் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுமாரான ஸ்மார்ட்போனுக்கு அதைப் போல் ஐந்தாறு மடங்கு வேண்டும். அதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் திட்டத்தில் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். நாள்காட்டியில் 12 மாதம். ரீசார்ஜ் கணக்கிலோ 13 மாதம்! இணையம் வேண்டாத வாடிக்கையாளருக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதித்தது. பட்டன் போனோடு இருக்க விரும்புவோர் இதைக் கேட்டுப் பெறலாம். தவணையில் ஸ்மார்ட்போன் வாங்குவோர், ‘வட்டியில்லை’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதைக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது தடை அச்சம். ‘அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, யாராவது ஏமாற்றிப் பணத்தைப் பறித்துவிடுவார்கள்’ என்கிறோம். இந்த அச்சம் பொய்யன்று. மோசடிக்காரர் பெருகிவிட்ட காலம் இது. ஆனால் பட்டன் போன் இருந்தால் பத்திரம் என்று எண்ணுவதும் தவறு. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்பவனுக்கு எந்தப் போனாக இருந்தால் என்ன? ஏமாறாமல் காப்பது அறிவு. அந்த அறிவை அம்மாவுக்குத் தராமல், கருவியை மட்டும் மறுப்பது, கிணற்றில் விழுந்துவிடுவாள் என்று பெண்ணைத் தண்ணீர் எடுக்கவே விடாததற்கு ஒப்பாகும்.

மூன்றாவது தடையை நாமே உண்டாக்குகிறோம். அம்மாவுக்கென்று வாங்கிய போன் மூன்றாம் நாளே தம்பியின் விளையாட்டுப் போனாகிவிடுகிறது. மாலையில் நாம் அதை எடுத்துக்கொள்கிறோம். இரவில் சின்னக் குழந்தைக்குச் சோறூட்டப் பொம்மைப்படம் போடுகிறோம். அம்மாவுக்கு மிஞ்சுவது சார்ஜ் போட்டு வைக்கும் வேலை மட்டுமே. அப்படியானால் பட்டன் போனே மேல். அதையாவது யாரும் பறிப்பதில்லை!

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து நான் கண்ட முடிவு இதுதான்: போன் பழையதா புதியதா என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அம்மா தம்முடைய வேலைகளில் எவற்றுக்கெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார் என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் குறித்து வைத்தாலே போதும். வங்கி இருப்பை அறிய, கடைக்காரருக்குப் பணம் அனுப்ப, பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பைப் படிக்க, வெளியூரிலுள்ள அக்காவின் குழந்தையைப் பார்க்க என்று எத்தனை முறை ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்’ என்று கேட்கிறார்? நாம் எத்தனை முறை ‘இரும்மா, அப்புறம்’ என்கிறோம்? அப்பட்டியல் நீளமாக இருந்தால், வீட்டில் அடுத்து வாங்கும் போன் அம்மாவுடையதாக இருக்க வேண்டும்; நமக்கு வாங்குவதற்கு முன்பாகவே.

பட்டியல் குறுகியதாக இருந்தால்? அப்போதும் வழி உண்டு. பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பும் ‘யு.பி.ஐ. 123பே’ என்னும் முறையை 2022 மார்ச்சில் இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கி வைத்தது. 4ஜி இணைப்புள்ள பட்டன் போன்களும் கடைகளில் உள்ளன. வங்கி இருப்பை ஒரு மிஸ்டு கால் மூலம் அறியும் வசதியை வங்கிகள் பல வைத்திருக்கின்றன. ‘எனக்கு இதுவே போதும்’ என்று அம்மா தாமே எண்ணிப் பார்த்துச் சொன்னால், அம்முடிவை மதிப்போம். பட்டன் போன் வைத்திருப்பது ஒரு குறையன்று. விருந்தினர் முன் அதை எடுக்க அம்மா கூசும்படி நாம் ஒருநாளும் பேசக் கூடாது. ஆனால், அம்மாவைக் கேளாமலே, ‘அம்மாவுக்கு எதற்கு?’ என்று வீட்டார் முடிவு செய்வதுதான் முறையன்று. ‘எனக்கெதற்கடி’ என்று அம்மா சொல்வதையும் உடனே நம்பிவிட வேண்டாம். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போதும் அம்மா அதைத்தானே சொல்கிறார்?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிது வாங்கும்போது பழைய ஸ்மார்ட்போனை அம்மாவுக்குத் தள்ளிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. திரை கீறி, பாட்டரி வீங்கிய போன் யாருக்கும் ஆகாது. மேலும், சில ஆண்டுகள் சென்றபின் தயாரிப்பு நிறுவனங்கள் பழைய போன்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. மிகப் பழைய போன்களில் வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குத்தான் தொல்லை தராத கருவி தேவை. பழகியவர் பழையதை வைத்துச் சமாளிப்பார். பழகாதவர் என்ன செய்வார்?

எண்ணையும் மாற்றக் கூடாது. அம்மாவின் ஆதார், வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கின்றன. அதே எண்ணுக்குப் புதிய போனில் பொருந்தும் சிறிய சிம் அட்டையை நிறுவனக் கிளையில் பெற்றுக்கொள்ளலாம். பழைய எண்ணை மாதக்கணக்கில் கவனியாமல் விட்டால், அது வேறொருவர் கைக்குப் போய்விடும். போனில் உள்ள உறவினர் எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு மாற்றுவது சாலச் சிறந்தது.

இனி, தோழியரே, நம் கடமைக்கு வருவோம். போன் வாங்குவது பெற்றோர் பொறுப்பு. கற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு. ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற சொல் நம் வாயிலிருந்து வரவே கூடாது. நமக்கு ‘அ’ எழுதக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தபோது அம்மா அப்படிக் கேட்டாரா? முதல் வாரம் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் மட்டும் பழக்குவோம். எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி வைப்போம். எழுத்தடிக்கத் தயங்கினால், தமிழில் பேசினாலே எழுத்தாக மாறும் வசதி 2017 முதல் கூகுளில் இருக்கிறது. அடுத்த வாரம் படம் அனுப்புதல், அதன் பின்னர் பணம் அனுப்புதல் என்று படிப்படியாகச் செல்வோம். அம்மாவின் விரலைத் தள்ளிவிட்டு நாமே அழுத்திக் காட்டினால் அம்மா ஒருநாளும் கற்கமாட்டார். நம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சில விதிகளை அம்மாவின் மனத்தில் பதிய வைப்போம். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்பத் தேவை. பணம் வருவதற்கு அதை ஒருபோதும் அழுத்த வேண்டியதில்லை. ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் இணைப்புகளைத் தொடக் கூடாது. மிரட்டிப் பேசினால் போனை வைத்துவிட்டு வீட்டாரிடம் கூற வேண்டும். பணம் போய்விட்டால் சற்றும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு, அதுவே முக்கியமானது. அம்மாவின் ரகசிய எண்ணை அம்மாவே அமைத்துக்கொள்ளட்டும். அது அப்பாவுக்கும் அண்ணனுக்கும் மட்டுமன்றி, கற்றுக்கொடுத்த நமக்கும் தெரிய வேண்டியதில்லை. அவர் எண்ணை அழுத்தும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். வீட்டுச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகி, இத்தனை ஆண்டுகள் இல்லத்தைக் காத்தவர் அவர். ஒரு சிறு எண்ணை அவரால் காக்க முடியாதா?

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் பணிவோடு ஒன்று வேண்டுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களில் தாய்மார்களே மிகுதி. கூட்டம் முடிந்தபின் ஒரு மணி நேரம், மேல் வகுப்பு மாணவியர் பத்துப் பேர் உட்கார்ந்து அவர்களுக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்றுத்தர அனுமதி அளிக்கலாம். சொந்த மகளிடம் கேட்கக் கூச்சப்படும் தாயும் பிறர் மகளிடம் தயங்காமல் கேட்பார். பள்ளி அறிவிப்புகளை அப்பாவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பாமல், அம்மாவின் எண்ணையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டால், அதுவே ஒரு நல்ல தொடக்கமாகும்.

அன்புத் தோழியரே! ‘எனக்குப் புதுப் போன் வேண்டும்’ என்று வீட்டில் கேட்கத் துணியும் நாம், ‘முதலில் அம்மாவுக்கு’ என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்போமா? வேண்டுமா வேண்டாமா என்பதை அம்மா சொல்லட்டும். அதைச் சொல்லும் உரிமை அவருடையது. அவர் விடை சொல்லும் வரை காத்திருந்து கேட்பது நம்முடைய கடமை.